கிளிண்டன் வீதி வீடு

நியூயார்க் மாநகரைச் சேர்ந்த புரூக்ளின் பகுதியில், கிளிண்டன் வீதி 182-ஆம் எண் வீட்டில், 1930-களின் நடுவில் ஒரு நாள், நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் காலணி ஒன்றைத் தூக்கித் தம் கணவர்மீது பலங்கொண்ட மட்டும் வீசி எறிந்தார். கணவர் குடித்துவிட்டு வந்திருந்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் மதுவைக் கையால் தொட்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. எந்த ஒரு வரத்தைக் கேட்டுப் பதினேழு ஆண்டுக்காலம் அந்த அம்மையார் அழுதும் தொழுதும் மன்றாடியும் வந்தாரோ, அந்த வரம் அவருக்குக் கைகூடிவிட்டிருந்தது. ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவின் கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் புறப்படு என்பதற்கு மேல் கணவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கே அவருக்கு அப்படி ஓர் ஆத்திரம் மூண்டது. அந்த ஆத்திரத்தைக் கண்டு கணவரைக் காட்டிலும் அவரே அதிகமாகத் திகைத்துப்போனார்.

அந்த அம்மையாரின் பெயர் லோயிஸ். கணவர் பில் வில்சன், பின்னாளில் உலகமெங்கும் கிளைவிட்ட 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் ஸ்தாபகர் இருவருள் ஒருவர். குடியிலிருந்து மீண்டவர்களின் சரித்திரத்தில் பில் வில்சனுக்கு உரிய இடத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. எனக்கு அந்தச் சரித்திரத்தில் பெரிதாகத் தோன்றுவது அந்தக் காலணிதான். குடிகாரன் தேறிவிட்டால் குடும்பமும் தானாகத் தேறிவிடும் என்று உலகம் அதுவரை நம்பிவந்த நம்பிக்கை அன்று அந்த வீட்டில் பொய்யாயிற்று. அது பொய் என்பதை முதலில் உணர்ந்தவர் வைத்தியரும் அல்லர், பாதிரியாரும் அல்லர், காலணியை வீசிய மனைவியே.

இதன் முக்கியத்துவம் விளங்கவேண்டுமானால், அதற்கு முன்பு குடும்பம் என்பதைக் குடியின் விஷயத்தில் உலகம் எவ்வாறு கருதிவந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்தபோது, குடித்தவனுக்கு முன்னால் அவனைப் பெற்ற தாயின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். எதையும் பொறுக்கும் அந்த முகமே சகிக்காத ஒன்றைச் சான்றோர் எப்படிச் சகிப்பர் என்பது அவர் கேள்வி. ஆயினும் அங்கே தாய் ஒரு சாட்சி மட்டுமே; பார்க்கிறாள், நோகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு என்ன ஆயிற்று, அந்த நோவோடு அவள் எப்படி நாட்களைக் கழித்தாள் என்பதை, வள்ளுவருக்குப் பிறகு வந்த எத்தனையோ நூற்றாண்டுகளிலும் எந்த நாட்டு நீதிநூலும் விரிவாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சாட்சியாக நின்றவள் வாதியாக எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1873-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் ஹில்ஸ்பரோ என்னும் சிற்றூரில், எலைஸா தாம்ஸன் என்ற அம்மையாரைத் தலைவியாகக் கொண்டு எழுபதுக்கு மேற்பட்ட பெண்கள் தேவாலயத்திலிருந்து இருவர் இருவராக அணிவகுத்துச் சென்று, மதுக்கடைகளின் முன்னால் உறைபனியில் முழந்தாளிட்டுப் பிரார்த்தித்தார்கள். அதற்கு முன்தினம் அவ்வூரில் சொற்பொழிவாற்றிய டயோ லூயிஸ் என்ற வைத்தியர், குடிகாரரான தம் தகப்பனாருக்காகத் தம் தாய் கடைக்காரனிடம் போய் மன்றாடிய கதையைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு தாயின் கதையிலிருந்துதான் அந்த ஊர்வலம் பிறந்தது. மறு ஆண்டு நவம்பரில் பெண்களின் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் கிளீவ்லாந்து நகரில் உருவாயிற்று. பெண்கள் கடையை நோக்கி நடந்தார்கள். கடை மூடப்பட்டால் வீடு பிழைக்கும் என்பது அவர்கள் சங்கற்பம்.

நம் நாட்டிலும் அதே நம்பிக்கை, அதே பாதை. 1921-ஆம் ஆண்டு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது ஈ.வெ. ராமசாமி அவர்களின் மனைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவுக்கு வந்து மறியல் செய்தனர். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்மணிகளின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் சொன்னதாக இன்றும் பெருமையுடன் நினைவுகூர்வார்கள். திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தை அமைத்த ராஜாஜி, 1929-இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அங்கே அவருக்குத் துணையாசிரியராக இருந்து மதுவிலக்குக் கதைகளை எழுதியவர்தான் பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் அறிந்த கல்கி. அதே ராஜாஜி சென்னை ராஜதானியின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தார். கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் ராஜதானி முழுவதும் மதுவிலக்காயிற்று. 1971-இல் அது தளர்ந்தது. அதன் பிறகு மூடுவதும் திறப்பதுமாக நடந்த கதை வாசகர் அறிந்ததே.

இந்தப் பெண்களின் தியாகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். கூலி வாங்கிய கையோடு கணவன் கடைக்குள் நுழைவதைப் பார்த்து நின்றவளுக்கு, அந்தக் கதவு அடைபடுவது எத்தகைய நிம்மதி என்பதை அவளே அறிவாள். ஆனால் கடை மூடிய நாட்களிலும் சரி, திறந்த நாட்களிலும் சரி, வீட்டுக் கதவுக்கு உட்புறம் நடந்தது என்ன என்ற கேள்வி கேட்கப்படாமலே இருந்தது.

உட்புறத்தில் நடந்தது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். வாலிபன் குடிக்கத் தொடங்கினான் என்றால், ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். ஒரு குற்றமும் அறியாத ஒரு பெண்ணை அவனுக்கு மருந்தாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மருந்து பலிக்காதபோது, 'வந்தவள் சரியில்லை' என்ற பழியும் அவள் தலையிலேயே விழும். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவார்கள். சத்தியம் தவறிய மறுநாள், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூடத் தாய் நடுங்கிப்போவாள். கோயிலில் கயிறு கட்டுவார்கள். இவையெல்லாம் போக, அவனுக்குத் தெரியாமல் குழம்பிலும் காபியிலும் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றும் உண்டு. 1948-இல் கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான ஹால்டும் யாகோப்ஸனும் டைசல்ஃபிராம் என்ற மருந்தின் குணத்தை உலகுக்கு அறிவித்தார்கள். அதை உட்கொண்டவன் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துத் தவிப்பான். வைத்தியரின் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்தோடு, மனைவி தினந்தோறும் தன் கையால் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பலருக்கு நன்மை செய்திருக்கிறது. அதையே அவனுக்குச் சொல்லாமல் கொடுப்பது, அவன் அறியாமல் குடித்துவிட்டால், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அன்பினால் செய்கிறோம் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியத்தை யாரும் செய்யக்கூடாது.

நம்மிடையே உள்ள பழக்கங்களுள் ஒன்றை மட்டும் நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டவன், அதற்கு முன்தினம் வரையில் பெருங்குடிகாரனாக இருந்தாலும், ஒரு மண்டலம் மதுவைத் தொடாமல் இருந்துவிடுகிறான். அவனுடைய வைராக்கியம் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால், அந்த நாட்களில் விரதம் இருப்பது அவன் மட்டுமல்ல; வீடே விரதம் இருக்கிறது. அடுக்களை மாறுகிறது, சமையல் மாறுகிறது, பேச்சு மாறுகிறது. மனைவியும் மக்களும் அவனைச் 'சாமி' என்று அழைக்கிறார்கள். மாலையில் அவனைப் போலவே மாலையணிந்த நாலு பேர் பஜனைக்கு அழைத்துப் போகிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றிய மறுகணம், வீடு பழைய வீடாகிவிடுகிறது, அவனும் பழைய ஆளாகிவிடுகிறான். அந்த ஒரு மண்டலத்தில் நடந்தது என்ன என்று நாம் கவனித்திருந்தால், அயல்நாட்டார் பிறகு பெருமுயற்சியால் கண்டறிந்ததில் ஒரு பங்கை நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கண்டறிந்திருப்போம்.

மீண்டும் கிளிண்டன் வீதிக்கு வருவோம்.

லோயிஸ் 1891-இல் பிறந்தவர். அவருடைய தந்தை பர்னாம் ஒரு வைத்தியர். கிளிண்டன் வீதி வீடு அவருடையதே. தம்மைவிட நாலு வயது இளையவரான பில் வில்சனை, அவர் யுத்தத்துக்குப் புறப்படுமுன், 1918 ஜனவரியில் லோயிஸ் விவாகம் செய்துகொண்டார். குழந்தைப்பேறு வாய்க்கவில்லை, கருவுற்ற மூன்று முறையும் கரு கருப்பைக்கு வெளியே தங்கி அழிந்தது. கணவரை மதுவிடமிருந்து பிரிக்கலாம் என்ற ஆசையோடு 1925-இல் அவரை மோட்டார் சைக்கிளில் நாடு சுற்ற அழைத்துப் போனார். போன இடமெல்லாம் மதுவும் வந்தது. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது, கையிலிருந்ததெல்லாம் போயிற்று. தந்தை வீட்டிலேயே குடியேறி, பெரிய ஜவுளிக் கடைகளில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கணவரைக் காப்பாற்றினார். பணப்பையை ஒளித்துவைத்தார், கணவருக்காகப் பிறரிடம் பொய் சொன்னார், கெஞ்சினார், பயமுறுத்தினார், மன்னித்தார். தம் அன்பின் பலத்தால் ஒருநாள் கணவரைத் திருத்திக் காட்டுவோம் என்பது ஒன்றே அவருக்கு மிஞ்சியிருந்த ஆஸ்தி.

1934 டிசம்பரில் பில் வில்சன் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் தம் கடைசிக் குடியிலிருந்து எழுந்தார், மறுபடி குடிக்கவில்லை. அவரை அந்த வழிக்குத் திருப்பியவர் தாமும் குடித்துக் கெட்டு மீண்ட ஒரு பழைய தோழர். அந்தத் தோழர் அவரோடு பேசியது சில சந்தர்ப்பங்களில்தான். பதினேழு ஆண்டு அன்பு செய்யாததைச் சில நாள் சம்பாஷணை செய்துவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரைப் பில் சந்தித்தார். 1935 ஜூன் 10-ஆம் தேதி அந்த வைத்தியர் கடைசியாகக் குடித்த நாளே இயக்கத்தின் பிறந்தநாள் ஆயிற்று. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் இரவில் கிளிண்டன் வீதி வீட்டில் கூட்டம். அது மட்டுமல்ல, போக்கிடமற்ற குடிகாரர்களை அந்த வீட்டிலேயே தங்கவும் வைத்தார்கள். பகலெல்லாம் கடையில் நின்று வேலை செய்த லோயிஸ் மாலையில் வந்து அவர்களுக்குச் சமைத்தும் போட்டார். தங்கியவர்களுள் ஒருவர் அந்த வீட்டிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே தங்கித் தேறியவர்கள் மிகச் சிலரே. அயலாரான தாங்கள் தாயும் தந்தையுமாக இருந்து தாங்கினால் குடிகாரன் தேறிவிடுவான் என்பதும் உண்மையாகவில்லை.

காலணி பறந்தது இந்த நாட்களில்தான். அதன் பிறகு லோயிஸ் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டார். கணவர் தேறியதில் தமக்கு ஏன் மகிழ்ச்சி இல்லை? தாம் பதினேழு ஆண்டு வகித்த பதவி, அதாவது காவலாளி, செவிலி, சம்பாதிப்பவள், மன்னிப்பவள் என்ற பதவி, ஒரே நாளில் பறிபோயிற்று என்பதே உண்மைக் காரணம் என்று கண்டார். கணவருக்குப் புதிய தோழர்கள், புதிய இலட்சியம், தமக்கு ஒன்றுமில்லை. அவரைத் திருத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டதால், தமக்கென்று ஒரு வாழ்க்கை இல்லாமல் போயிருந்தது. கணவர் கைக்கொண்ட அதே ஆத்ம பரிசோதனையைத் தாமும் கைக்கொள்ளவேண்டும், கணவருக்காக அல்ல, தமக்காகவே கைக்கொள்ளவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். இத்தகைய ஒரு தீர்மானத்தைத் தம்மைக் குறை சொல்லிக்கொள்ளாமலும், கணவரைக் குறை சொல்லாமலும் செய்வது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், அவரை வணங்கத் தோன்றுகிறது.

எனினும் அந்தத் தீர்மானம் ஒரு ஸ்தாபனமாக உருவெடுக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1939-இல் இயக்கத்தின் பெயரையே தாங்கி வெளிவந்த நூலில் மனைவியருக்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். அதைத் தாம் எழுதுவதாக லோயிஸ் முன்வந்தார். நடை மாறிவிடும் என்று சொல்லிப் பில் வில்சனே, மனைவியரின் குரலில், அதை எழுதிவிட்டார். லோயிஸின் மனத்தில் அது நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. மனைவியர் சார்பில் கணவன்மார் பேசும் வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். அதே ஆண்டு ஏப்ரலில் கடன்காரர்கள் கிளிண்டன் வீதி வீட்டைக் கைப்பற்றினார்கள். தாம் பிறந்த வீட்டைவிட்டு வெளியேறிய லோயிஸ், அடுத்த இரண்டு ஆண்டுகளில் நண்பர்கள் தயவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மாறி மாறித் தங்கி, 1941-இல்தான் பெட்ஃபோர்ட் ஹில்ஸில் சொந்தமாக ஒரு வீட்டை அடைந்தார்.

இதற்கிடையில் ஊர் ஊராகக் கணவன்மார் கூடத்தில் கூடிப் பேச, உடன் வந்த மனைவிமார் காபி வைத்துக்கொடுத்துவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். ஆக்ரனில் வைத்தியர் ஸ்மித்தின் மனைவி ஆன் ஸ்மித், புதிதாக வரும் மனைவியரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதையே ஒரு தர்மமாகக் கொண்டிருந்தார். முதலில் அந்தப் பேச்சு கணவன்மாரைப் பற்றியதாக இருந்தது. மெல்ல மெல்ல அது தங்களைப் பற்றியதாக மாறிற்று. இந்த மாற்றம் என்று நேர்ந்தது, யார் நிகழ்த்தினார் என்று சரித்திரக்காரன் சொல்லமுடியாது; பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெண்கள் சேர்ந்து நிகழ்த்தியது அது. 1950-இல் நாடு சுற்றிவந்த பில் வில்சன் இத்தகைய குழுக்கள் பல முளைத்திருப்பதைக் கண்டு, அவற்றை ஒன்றுசேர்க்கும்படி மனைவியைத் தூண்டினார். 1951-இல் லோயிஸும், அருகில் வசித்த ஆன் என்ற வேறொரு தோழியும், பெட்ஃபோர்ட் ஹில்ஸ் வீட்டு மாடியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, இயக்கத்தின் அலுவலகம் கொடுத்த ஜாபிதாவில் இருந்த 87 முகவரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'அல்-அனான்' என்ற குடும்பக் குழு இயக்கம். 1957-இல் கலிஃபோர்னியாவில் குடிகாரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் வயதுப் பிள்ளைகளுக்கென்று தனிக்குழு தொடங்க, 'அலட்டீன்' தோன்றிற்று.

அவர்கள் கண்ட உண்மைகள் எளியவை; எளியவை ஆனதாலேயே ஏற்றுக்கொள்வதற்கு அரியவை. அவன் குடிப்பதற்கு நான் காரணம் அல்ல. அவன் குடியை அடக்கும் சக்தியும் எனக்கில்லை. குணப்படுத்தும் வித்தையும் எனக்குத் தெரியாது. ஆகவே அவன் குடியின் பலனை அவனுக்காக நான் சுமப்பதை நிறுத்தவேண்டும். குடித்துவிட்டு எழுந்திருக்கமுடியாதவனுக்காக அலுவலகத்துக்குக் 'காய்ச்சல்' என்று சொல்லியனுப்புவது, வாங்கிய கடனை நகையை அடகுவைத்து அடைப்பது, வாந்தியைத் துடைத்து வேட்டியை மாற்றி விடிவதற்குள் எல்லாவற்றையும் மறைத்துவிடுவது ஆகிய இவையெல்லாம் பதிவிரதா தர்மம் என்று நம் தாய்மார் நம்பிச் செய்தவை. ஆனால் தான் விழுந்த இடத்தைத் தான் பார்க்காமலே காலையில் எழுந்திருப்பவன் எந்தப் பள்ளத்துக்கு அஞ்சி நிற்பான்? அன்பை விடவேண்டியதில்லை, மறைப்பதைத்தான் விடவேண்டும்.

பண்டிதர்கள் இந்தப் பெண்களை அப்போது எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. குடிகாரனின் மனைவிக்கு உள்ளூர அவன் குடித்துக்கொண்டிருப்பதே தேவை, அவளுடைய மனக்கோணலே அவனைக் குடிக்கவைக்கிறது என்று பேசிய ஒரு மனோதத்துவக் கட்சி அந்நாளில் இருந்தது. 1953-இல் தெல்மா வேலன் என்ற சமூக ஊழியர், குடிகாரர்களின் மனைவியரை நான்கு ஜாதியாகப் பிரித்து, துன்பப்படும் சூசன், ஆட்டிவைக்கும் கேதரின், தள்ளாடும் வினிஃப்ரெட், தண்டிக்கும் பாலி என்று பெயரும் சூட்டினார். நம் ஊரில் 'வந்தவள் சரியில்லை' என்று மாமியார் சொன்னதற்கும், சாஸ்திர பரிபாஷையில் சொல்லப்பட்ட இதற்கும் அதிக வித்தியாசம் எனக்குப் புலப்படவில்லை.

அடுத்த ஆண்டே இதற்கு மறுப்பு வந்தது. ஜோன் ஜாக்ஸன் என்ற சமூகவியல் அறிஞர், சியாட்டில் நகரில் குடிகாரர்களின் மனைவியர் கூடும் குழுவில் மூன்று ஆண்டுக்காலம் உட்கார்ந்து, அவர்கள் பேசியதைக் கேட்டு, 1954-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனைவியின் விபரீத நடத்தைகள் எல்லாம் அவளுடைய பிறவிக் கோணல் அல்ல, வீட்டில் நேர்ந்த ஒரு பெரும் இடர்ப்பாட்டுக்கு அவள் படிப்படியாக ஈடுகொடுத்ததன் அடையாளங்கள் என்று அவர் காட்டினார். முதலில் ஒன்றுமில்லை என்று மறுப்பது, பிறகு உறவும் நட்பும் விட்டு ஒதுங்கி எப்படியாவது நிறுத்தப் பார்ப்பது, பிறகு எல்லாம் குலைவது, பிறகு அவனை ஒரு முரட்டுக் குழந்தையாகப் பாவித்துத் தானே குடும்பத்தை நடத்துவது, பிரிய முயல்வது, அவனில்லாமலே குடும்பத்தைத் திருத்தி அமைப்பது, கடைசியில், அவன் தேறினால், முழுக் குடும்பத்தையும் மறுபடி அமைப்பது என்று ஏழு படிகளை அவர் வகுத்தார்.

அந்த ஏழாவது படியைப் பற்றி அவர் எழுதியதுதான் நம் கவனத்துக்கு மிகவும் உரியது. அதை நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம்: பத்து ஆண்டாகப் பெட்டிச் சாவி மனைவியின் இடுப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சம்பளமும் வாடகையும் மகளின் சடங்கும் அவள் தலையில் நடந்திருக்கின்றன. மூத்த மகன் பதினாலு வயதிலேயே வீட்டுக்கு ஆண்பிள்ளையாகிவிட்டான். எதற்கும் பிள்ளைகள் அம்மாவிடமே கேட்கிறார்கள். அந்த வீட்டுக்குள் தேறியவன் வருகிறான், தன் பழைய நாற்காலியைத் தேடுகிறான், அது நிரம்பியிருக்கிறது. மனைவியோ, இன்று நிதானமாக இருப்பவன் நாளை எப்படி இருப்பான் என்று அறியாமல், சாவியைக் கொடுக்கத் தயங்குகிறாள்; மாலையில் ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலில் நின்று மூச்சை மோந்து பார்க்கிறாள். அவன் அவமானத்தால் குன்றுகிறான். யாரும் குற்றவாளி இல்லாத இந்த இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் மறுபடி உடைந்திருக்கின்றன. சாவியைக் கேட்காமல் பொறுத்திருக்க அவனுக்கும், மெல்ல மெல்லக் கொடுக்க அவளுக்கும், நம்பத் துணியப் பிள்ளைகளுக்கும் யாராவது கற்றுக்கொடுக்கவேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இதற்கு ஒருவர் வேறொரு வழி கண்டார். யுகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரத்து மனநோய் வைத்தியர் விளாடிமிர் ஹுடோலின், 1964-இல் தொடங்கிய மன்றங்களில் கணவனையும் மனைவியையும் வெவ்வேறு அறையில் உட்காரவைக்கவில்லை. வாரம் ஒருமுறை குடும்பங்களையே ஒரே வட்டத்தில் உட்காரவைத்தார். ஒரு மன்றத்தில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தால் அதை இரண்டாகப் பிரித்துவிடவேண்டும் என்பது விதி. 1979-இல் இத்தாலியின் டிரியெஸ்ட் நகரை அடைந்த இந்த முறை அங்கிருந்து பல நூறு மன்றங்களாகப் பரவிற்று.

நம் சென்னைக்கு இந்தத் தீபம் வந்த கதையும் ஒரு மனைவியின் கதையே. டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல், முப்பத்துமூன்றாம் வயதில், காலமானார். அந்நாளில் இந்த நோய்க்கென்று தனியாக ஒரு சிகிச்சை நிலையத்தைச் சென்னையில் தேடினாலும் கிடைக்காது. மனநோய் விடுதியில் சேர்ப்பது அல்லது வீட்டில் பூட்டிவைப்பது என்பதே வழி. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்கா சென்று, குடிநோய்ச் சிகிச்சையைக் கற்று, திரும்பி வந்து, 1980-இல் கணவரின் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். தம் வீட்டிலேயே தொடங்கினார் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் இந்த நோய் மறைக்கப்படுமோ அந்தக் கதவையே அவர் திறந்துவைத்தார். அது பின்னர் அடையாற்றில் இந்திரா நகரில் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அங்கே நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தாருக்கென்று தனியாக ஒரு நிகழ்ச்சி அமைத்தார்கள். கணவனைச் சேர்த்துவிட்டுப் போய்வருகிறேன் என்று கிளம்பும் மனைவியை, நீங்களும் உட்காருங்கள், உங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது என்று நிறுத்திவைத்தது நம் நாட்டில் ஒரு புதுமை. மத்திய சர்க்கார் 1992-இல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் அவருக்குக் கிடைத்தது.

இவற்றைவிட எனக்கு அருமையாகப் படுவது மஞ்சக்குடி. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே உள்ள அந்தக் கிராமத்தில் 1989-இல் இந்த நிலையத்தார் பதினைந்து நாள் முகாம் ஒன்றை நடத்தினார்கள். கூலிக்காரன் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். வந்தாலும் அவன் மனைவி ஒரு நாள் கூலியை இழந்து உடன் வந்து இருக்கமாட்டாள். ஆகவே ஆஸ்பத்திரி ஊருக்குப் போயிற்று. ஊரார் இடம் கொடுத்தார்கள், பெரியவர்கள் முன்னின்றார்கள், மனைவியரும் தாய்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். குடும்பம் என்றால் நகரத்தில் நாலு பேர். கிராமத்தில் அது தெரு முழுவதும். அண்ணன் தம்பியும் மாமன் மைத்துனனும், கடன் கொடுத்தவனும், திருவிழாவில் ஊற்றிக் கொடுத்தவனும் அதில் சேர்ந்தவர்களே. அவன் தேறி வந்தபின் அவனுக்குக் கை கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. மாலை போட்டவனைக் காப்பாற்றிய அதே வீடும் தெருவும், இம்முறை மாலை கழற்றும் நாள் ஒன்றைக் குறிக்காமல், அவனைச் சூழ்ந்து நின்றன. முதல் முகாமோடு இந்த முயற்சி நிற்கவில்லை. ஆண்டுதோறும் அங்கே தொடர்ந்தது, மற்ற ஊர்களுக்கும் சென்றது.

லோயிஸ் வில்சன் 1988 அக்டோபரில், தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். கணவர் அதற்குப் பதினேழு ஆண்டு முன்பே மறைந்திருந்தார். லோயிஸ் தொடங்கிய குழுக்களில் இன்றும் ஒரு வழக்கம் மாறாமல் இருக்கிறது: கணவனோ மகனோ இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான், சிகிச்சைக்கு வர மறுக்கிறான் என்றாலும், மனைவியோ தாயோ தனியாக வந்து உட்காரலாம், அவனை ஏன் அழைத்துவரவில்லை என்று அவளை யாரும் கேட்பதில்லை.

இதைப் படிக்கும் தாய்மாரே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தத் துன்பம் இருக்குமானால், அவர் மனம் மாறும் நாளுக்காகக் காத்திராதீர்கள். குடிநோய்ச் சிகிச்சை நடக்கும் இடத்தைத் தேடி, முதலில் நீங்கள் போங்கள்.